துண்டு தரையில் இருக்கும்வரை

கொடுவாள் மூங்கிலை நெடுக்காகப் பிளந்துகொண்டே வந்து ஒரு கணுவில் நின்றது. இடது கை மூங்கிலைப் புரட்டிப் பிடித்தது. வலது கை ஒரு கட்டையை எடுத்துக் கொடுவாளின் முதுகில் தட்டியது. கணு விட்டது. பிளாச்சுகள் ஒரே அகலத்தில் விழுந்தன. கைகள் ஒவ்வொரு பிளாச்சின் விளிம்பையும் தடவிப் பார்த்து, சிலாம்பு நீட்டிய இடங்களை வழித்தெடுத்தன. படுக்கிறவர் முதுகில் ஒன்றுகூடக் குத்தக் கூடாது. பிறகு பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி ஆள் நீளத்துக்கு ஒரு படுக்கை ஆக்கின. மூலைகளில் கத்தாழை நார்க் கயிற்றைக் கோத்து, தோளில் சுமக்கும் நீளக் கழியில் தொங்கவிட்டு முடிச்சை இறுக்கின. அதோடும் விடவில்லை. முற்றத்தில் கிடந்த கற்களைத் தூக்கிப் படுக்கையில் அடுக்கி, கழியைப் பிடித்து உலுக்கின.

"போதும்க்கா. எங்கம்மாவுக்கு மூச்சு இழுக்குது" என்றான் பக்கத்தில் நின்ற சின்னராசு.

"மூச்சு இழுக்கிற ஆளை நடுவழியில போட்டுட்டு வரப்போறியா? இரு."

இன்னொரு முறை உலுக்கிப் பார்த்த பிறகுதான் கற்கள் இறங்கின. கிழவி அம்மாக்கண்ணுவை வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த இழுப்பிலும் அவள் கண்ணைத் திறந்து, "செல்லி கட்டினதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும் படுத்துக்கொண்டாள். கழியைத் தோளேற்றி ஆண்கள் மலைச்சரிவில் இறங்கினார்கள்.

செல்லியம்மாளுக்கு அந்த ஒரு கேள்விதான் கூலி. ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாட்டைச் சேர்ந்த ஈச்சங்கொல்லைக்கு அன்றைக்கு ரோடு கிடையாது. நோயாளியை அடிவாரம் வரைக்கும் டோலியில் தூக்கிப்போய், அங்கிருந்து ஏதாவது வண்டி கிடைத்தால் திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அவளுடைய புருஷன் கருப்பன் புளியமரத்தில் உலுக்கப் போய்க் கிளை முறிந்து விழுந்தவன். அவசரத்தில் கம்பளியை முடிச்சுப் போட்டுத் தூக்கிப்போனார்கள். வழுக்குப்பாறை இறக்கத்தில் முடிச்சு அவிழ்ந்தது. இரண்டாம் முறை விழுந்தவன் அடிவாரம் சேரவில்லை. அவள் யாரையும் நொந்து பேசவில்லை. காரியம் முடிந்த மறுவாரம் மூங்கில் வெட்டப் போனாள்.

"தாலியறுத்தவ கட்டினதுல ஏறலாமா?" என்று முதலில் ஊர் முனகியது. அவள் கட்டியதில் போனவர்கள் நடந்து திரும்பி வரத் தொடங்கியதும் முனகல் நின்றது. அப்புறம் அவள் கட்டாததில் ஏறமாட்டோம் என்றார்கள். ஒரு முடிச்சும் வழியில் நெகிழ்ந்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும்; மலைக்கும் தெரியும்.

டோலிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. நடக்க முடிந்தவர் அதில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் அடுத்து ஏறும் நோயாளி திரும்பி வரமாட்டார் என்பது மலைக்காரர் நம்பிக்கை. செல்லியம்மாள் ஆளை ஏற்றிச் சோதிக்காமல் கல்லை ஏற்றிச் சோதித்ததும் அதனால்தான்.

எண்பத்தொன்றாம் வருஷம், சாமை அறுத்துக் களம் காலியான சமயம், நாட்டாமை வேடியப்பன் அவள் வாசலுக்கு வந்தார். வெற்றிலைச் சிவப்பில் வாயெல்லாம் சிரிப்பு.

"செல்லி, எம்மெல்லே வர்றாரு. நம்ம ஊருக்கே வர்றாரு. ரோட்டுக்கு வாயால கேட்டாச்சு, நேர்ல பாக்கறேன்னுட்டாரு."

"வரட்டும் அண்ணே. நல்லதுதான்."

"அவரு கொஞ்சம் பாரி ஆளு. ஏற முடியாது. சாஞ்சு உக்கார்ற மாதிரி ஒரு டோலி கட்டு. மேல ஒரு கொடை மாதிரி துணி போட்டுடு, வெயிலு படாம."

செல்லியம்மாள் திரித்துக்கொண்டிருந்த நாரைக் கீழே வைத்தாள். "காலு இன்னா ஆச்சு அவருக்கு?"

"ஒண்ணும் ஆவல."

"அப்ப எதுக்குண்ணே டோலி?"

நாட்டாமையின் சிரிப்பு இறங்கியது. வெள்ளைக்காரன் காலத்துத் துரையைத் தூக்கவில்லையா, தாசில்தாரைத் தூக்கவில்லையா என்றார். தூக்கினார்கள், அது வேறு யாரோ கட்டியது என்றாள் அவள். ரோடு வேண்டுமா வேண்டாமா என்றார். வேண்டும் என்றாள்.

"ஒன்னோட வீம்புல ரோடு போச்சுன்னா ஊரு ஒன்ன சும்மா வுடாது, பாத்துக்க."

"ரோடு போச்சுன்னா மறுபடியும் கட்டப்போறவ நான்தானே. அடுத்து அதுல ஏறற உசுருக்கு நீங்க பதில் சொல்வீங்களா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வேறு யாரையாவது வைத்துக் கட்டச் சொல்லிப் பார்த்தார். செல்லி மாட்டேன் என்றதைத் தொட யாருக்கும் கை வரவில்லை. ஆனால் ஊர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதையும் நிறுத்தியது. ரோடு போனால் அவளால்தான் போகும் என்ற பேச்சு களத்திலும் ஊற்றடியிலும் அவள் காதுபட நடந்தது. ராத்திரிகளில் அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது. கருப்பன் விழுந்த பாறைக்குப் பக்கத்தில் ஒரு ஜீப் போவதற்கு அவளை விடவும் யார் அதிகம் ஆசைப்பட்டிருக்க முடியும்?

எம்.எல்.ஏ. வருகிற நாளில் வரவேற்க அடிவாரத்துக்குப் போனவர்களோடு அவளும் இறங்கினாள். தன் வாயால் சொல்ல வேண்டியதை அடுத்தவர் தலையில் கட்டி அனுப்புவது அவள் வழக்கமல்ல. மடியில் ஒரு கயிற்றுச் சுருணையைச் செருகியிருந்தாள்; நடக்கும்போதும் நார் திரிப்பவள்.

ஜீப்பிலிருந்து முதலில் இறங்கியவர் சிங்காரம், அடிவாரத்து ஊரின் கட்சிச் செயலாளர். கண்ணால் துழாவினார். "டோலி எங்கய்யா? வண்டி வண்டியா மாலை வாங்கியாந்திருக்கீங்க, டோலி எங்க?"

செல்லியம்மாள் முன்னே வந்தாள்.

"நான்தாங்க கட்ட மாட்டேன்னுட்டேன். அது நோவு வந்தவங்களுக்குங்க. ஒங்களுக்கு நோவு எதுவும் இல்லைன்னு சொன்னாங்க."

பின்னாலிருந்து இறங்கிய கண்ணாயிரம் எம்.எல்.ஏ. அவளை ஏற இறங்கப் பார்த்தார். மணிலாக்கொட்டை மண்டி வைத்திருந்தவர். சட்டைப் பொத்தான் வயிற்றில் இழுத்துப் பிடித்திருந்தது. தோளில் கட்சிக்கரை போட்ட துண்டு. "நோவு இல்லதாம்மா. ஒடம்புதான் இருக்குது" என்றார். கூட்டம் சிரித்தது. சிங்காரம் மட்டும் சிரிக்கவில்லை.

"திரும்பிடலாம்ண்ணே. மரியாதை தெரியாத ஊரு" என்றார்.

கண்ணாயிரம் மலையை அண்ணாந்து பார்த்தார். திரும்பிப்போனால் மண்டியில் என்ன பேசுவார்கள் என்று நினைத்திருப்பார் போல. செருப்பைச் சரிசெய்துகொண்டு நடந்தார்.

முதல் திருப்பத்திலேயே மூச்சு வாங்கியது. வழுக்குப்பாறை ஏற்றத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சிங்காரம் அங்குமிங்கும் ஓடினார். "ரெண்டு பேரு கையைக் கோத்துத் தூக்குங்கய்யா! ஏம்மா, ஒன் கயித்த எடு, இங்கயே ஒண்ணு கட்டு!"

"காலு ஒடைஞ்சிருந்தா சொல்லுங்க, இந்த நிமிஷமே கட்றேன்" என்றாள் செல்லியம்மாள். குனிந்து அவர் காலைப் பிடித்துப் பார்த்தாள். பெருவிரலைப் பின்பக்கம் மடக்கிக் கெண்டையை நீவிவிட்டாள். "சுளுக்குகூட இல்லீங்க. ஒக்காந்து பழகின காலு, திகைச்சுப் போச்சு."

கண்ணாயிரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த இடத்தில்தான் இருவருக்கும் பேச்சுப் பிடித்தது. மற்றவர்கள் முன்னே போக, அவர் நின்று நின்று ஏற, அவள் நார் திரித்தபடி கூட நடந்தாள்.

"ஏங்க, மெட்ராசுல நீங்க இன்னா வேலை பண்றீங்க?"

"சட்டம் போட்றதும்மா. கை தூக்கணும், இல்லாட்டி ஆம், இல்லைன்னு சொல்லணும்."

"எது ஆம், எது இல்லைன்னு யாரு சொல்வாங்க?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். சிங்காரம் தூரத்தில் இருந்தார். "கட்சி சொல்லும். கொறடான்னு ஒருத்தர் இருக்காரு, அவரு சொன்ன பக்கம்தான். மாத்திச் சொன்னா வெளிய போவ வேண்டியதுதான்."

"பேசறதுக்குமா?"

"பேச்சு கொஞ்சம் என்னுது. கெடைக்கிறது சில நிமிஷம். அதுல எதைப் பேசறதுன்னு எங்காதுல பத்துப் பேரு ஓதுவாங்க. எலக்சனுக்கு ஜீப்பு குடுத்தவரு ஓதுவாரு. புளி ஏலம் எடுக்கறவரு ஓதுவாரு. அடிவாரத்து ஊருக்காரங்க வந்து வாசல்ல ஒக்காந்துடுவாங்க. அவங்களுக்குப் பாலம் கட்டிக் குடுத்தேன்ல?"

"அவங்களுக்கு எப்படிங்க முதல்ல?"

"அவங்க ஓட்டு நெலையில்லாததும்மா. போன தடவ எனக்கு, அதுக்கு முந்தி அவனுக்கு. பயந்துகிட்டே இருக்கணும்."

"எங்க ஓட்டு?"

ஏற்றத்தில் களைத்த மனிதருக்குப் பொய் யோசிக்க மூச்சு இல்லை. "ஒங்க ஓட்டு நாட்டாமை ஒரு வார்த்தை சொன்னா மொத்தமா வந்துடும். அதப்பத்தி நான் ஒரு ராத்திரி கூட முழிச்சதில்லம்மா."

செல்லியம்மாள் திரித்த நார் கையிலேயே நின்றுவிட்டது.

ஊருக்கு வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கண்ணாயிரத்தின் கால் கொப்பளித்து, இறங்க முடியாமல் அங்கேயே தங்கினார். மறுநாள் காலை நாடு, அதாவது மலையூர்களின் பஞ்சாயத்து, கூடியது.

நாடு கூடுவது மலையில் விளையாட்டல்ல. வட்டமாக உட்காருவார்கள். உட்கார்ந்ததும் ஒவ்வொருவரும் தோளிலிருக்கும் துண்டை எடுத்துத் தன் முன்னால் தரையில் வைக்க வேண்டும். பேச்சு நடக்கும். பேசப்பட்டது ஒருவருக்குச் சம்மதமானால் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வார். எல்லாத் துண்டும் தோளுக்குப் போகும்வரை யாரும் எழுந்திருக்க முடியாது. ஒரே ஒரு துண்டு தரையில் கிடந்தாலும் பேச்சு முடியவில்லை என்று அர்த்தம். ஆண் துணையில்லாத வீட்டுக்காரி தன் கையிலிருப்பதை வைக்கலாம். உரிமை இருந்தது, வைத்தவர்கள் அபூர்வம்.

நாட்டாமை பேசினார். எம்.எல்.ஏ. ரோட்டுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். நாடும் வாக்குக் கொடுக்கிறது: அடுத்த தேர்தலிலும் மொத்த ஓட்டும் அவருக்கே. துண்டுகள் மளமளவென்று தோளேறின. கண்ணாயிரம் கும்பிடக் கையெடுத்தார்.

"ஒண்ணு தரையில கெடக்குது" என்றான் சின்னராசு.

கத்தாழைக் கயிற்றுச் சுருணை. அதன் பின்னால் செல்லியம்மாள்.

"இன்னா செல்லி, மறுபடியுமா?" என்றார் நாட்டாமை.

அவள் வழியில் கேட்டதை அப்படியே சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. "நம்ம ஓட்டு மொத்தமா வந்துடும்னு அவருக்குத் தெரியும். அதனால தூக்கம் கெடல. நாம மறுபடியும் மொத்தமாத் தர்றோம்னா, மறுபடியும் நல்லாத் தூங்குவாரு. நான் மறுபடியும் மூங்கிலு வெட்டுவேன்."

எல்லாரும் கண்ணாயிரத்தைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார்.

"நான் அப்படிச் சொல்லலைய்யா..." என்று தொடங்கி, "சொன்னேன்தான்" என்று முடித்தார்.

பேச்சு நீண்டது. நாட்டின் வார்த்தை உடைந்தால் மலையின் மானம் போகும் என்றார் நாட்டாமை. வார்த்தை இருந்தும் ரோடு வரவில்லையே என்றார் ஒருவர். சூரியன் உச்சிக்கு வந்தது. சாப்பாட்டுக்குப் போகலாமா என்று சிங்காரம் எழப்போனார். பக்கத்திலிருந்தவர் வேட்டியைப் பிடித்து உட்காரவைத்தார். கடைசியில் வேடியப்பன் தன் தோளிலிருந்த துண்டைத் தானே எடுத்து மறுபடியும் தரையில் வைத்தார். தலைமுறைகளாகத் தன் வீட்டிலிருந்த, ஊரே கட்டுப்பட்ட ஒரு வார்த்தையை அவர் அப்போது கீழே வைத்தார். அது அவருக்கு லேசான காரியமில்லை. ஒவ்வொரு வீடும் தன் யோசனைப்படி ஓட்டுப் போடட்டும் என்றார். அப்புறம்தான் அவர் துண்டும் கயிற்றுச் சுருணையும் எழுந்தன.

"இப்ப நான் இன்னா பண்ணணும்?" என்று கேட்டார் கண்ணாயிரம். அந்தக் குரலில் வந்தபோதிருந்த தோரணை இல்லை.

"பேசுங்க. நாங்க வந்து பாக்கறோம்" என்றாள் செல்லியம்மாள்.

சட்டசபையில் மானியக் கோரிக்கை நடக்கும் சமயத்தில் நாட்டாமைக்கும் செல்லியம்மாளுக்கும் சின்னராசுக்கும் பார்வையாளர் சீட்டு வந்தது. திருப்பத்தூரில் ரயிலேறி மெட்ராசுக்குப் போனார்கள். கோட்டைக்குள் மாடத்தில் உட்கார்ந்து கீழே பார்த்ததும் மூன்று பேருமே திகைத்துப்போனார்கள்.

"யக்கா, பாரு. இன்னும் ஒருத்தரும் வாயே தொறக்கல. அதுக்குள்ள எல்லாரு துண்டும் தோள்மேல!"

வரிசை வரிசையாக வெள்ளைச் சட்டை, தோளில் விதவிதமான கரை. மலைக்காரர்கள் கண்ணுக்கு அது, கேட்பதற்கு முன்பே சம்மதித்துவிட்டவர்களின் கூட்டமாகத் தெரிந்தது. நாட்டாமைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "அப்புறம் எதுக்குடா பேசறாங்க?" என்றார். காவலர் உஷ் என்றார்.

கண்ணாயிரம் எழுந்தார். தலைவரைப் புகழவே பாதி நேரம் போயிற்று. செல்லியம்மாளின் விரல்கள் இல்லாத நாரைத் திரித்துக்கொண்டிருந்தன. பிறகு அவர் குரல் மாறியது. ஈச்சங்கொல்லைக்குத் தான் நடந்து போனதாகச் சொன்னார். வழுக்குப்பாறையில் உட்கார்ந்துவிட்டதைச் சொன்னார். ஆரோக்கியமாக இருந்த தனக்கே அந்தப் பாதை அப்படியென்றால் பிள்ளைத்தாய்ச்சிக்கு எப்படியிருக்கும் என்றார். அவையில் சளசளப்பு நின்றது. அந்த மலையில் ஒரு பெண் டோலி கட்டுகிறாள், அவள் இனிமேல் டோலி கட்டாமலிருக்க ஒரு ரோடு வேண்டும் என்று முடித்தார். நாட்டாமை செல்லியம்மாளின் தோளைத் தட்டினார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அப்புறம் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் வெட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார். மலைக்கிராமங்களுக்கு ரோடு போடத் தவறியதால் மானியத்தைக் குறைக்க வேண்டும் என்பது அது. அவர் பேசியதும் நியாயமாகவே இருந்தது. தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. இல்லை என்பவர்கள் சொல்லலாம் என்றதும், 'இல்லை' என்று எழுந்த குரல்களில் கண்ணாயிரத்தின் குரல் தனியாகக் கேட்டது. மண்டியில் விலை கூவிய குரல் அல்லவா.

செல்லியம்மாள் விருட்டென்று எழுந்தாள். "எழுந்திருங்கண்ணே, போலாம்" என்றாள்.

எம்.எல்.ஏ. ஹாஸ்டல் வாசலில் அவர்களைப் பிடித்தார் கண்ணாயிரம். முகமெல்லாம் வெளிச்சம். "கேட்டீங்களா? பேசினேன் பாத்தீங்களா?"

"கேட்டோம். 'இல்லை'ன்னீங்களே, அதையும் கேட்டோம்."

வெளிச்சம் அணைந்தது. அவர் அவர்களை மரத்தடிக்கு அழைத்துப்போனார். "இன்னாம்மா பண்ணச் சொல்ற? அது எதிர்க்கட்சி தீர்மானம். ஆம்னு நான் சொல்லியிருந்தா நான் கட்சியில இல்ல. கட்சியில இல்லாதவன் கேட்டா எந்த மந்திரி காது குடுப்பாரு? மந்திரி கடைசியில பதில் சொன்னாரு, அதுக்குள்ள நீங்க எழுந்து வந்துட்டீங்க. ஈச்சங்கொல்லைன்னு ஊரு பேரச் சொல்லி, சர்வே பண்ணச் சொல்றேன்னாரு."

"நெசமாவா?" என்றான் சின்னராசு.

"அது நீங்க பேசினதுனாலயா, அவங்க வெட்டப் பாத்ததுனாலயா?" என்று கேட்டாள் செல்லியம்மாள்.

கண்ணாயிரம் யோசித்தார். யோசித்துப் பதில் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது. "ரெண்டும்தாம்மா. அவங்க குத்தலைன்னா மந்திரி அசைய மாட்டாரு. நான் பேசலைன்னா ஒங்க ஊரு பேரு அவருக்குத் தெரியாது."

"சரிங்க. இதை எங்ககிட்ட மரத்தடியில சொன்னாப் பத்தாது. நாட்டுல வந்து சொல்லுங்க."

"மறுபடியும் நடக்கணுமா?"

"நடக்க வேணாம்னா, ரோடு போட்டுட்டு ஜீப்புல வாங்க."

சர்வேக்காரர்கள் வந்தார்கள், சங்கிலி பிடித்தார்கள், போனார்கள். பிறகு பேச்சு மூச்சில்லை. காட்டு நிலத்தின் வழியாக ரோடு போக அனுமதி வேண்டும். அந்தக் காகிதம் எங்கோ கிடந்தது. மழைக்காலம் கழிந்தது. அதற்குள் செல்லியம்மாள் இன்னும் எத்தனையோ டோலி கட்டிவிட்டாள். "ஒங்க எம்மெல்லே இன்னா ஆனாரு?" என்று ஊரில் அவளைத்தான் கேட்டார்கள். 'ஒங்க எம்மெல்லே' என்பதில் குத்தல் இருந்தது.

ஒருநாள் நாடு கூடியிருந்தபோது சரிவிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டை நின்று நின்று ஏறி வந்தது. சிங்காரம் இல்லை, மாலை இல்லை. வயிறு கொஞ்சம் குறைந்திருந்தது. கண்ணாயிரம் நேராக வட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தார். தோளிலிருந்த கட்சிக்கரைத் துண்டை எடுத்தார், மடித்தார், தன் முன்னால் தரையில் வைத்தார்.

யாரும் அவரிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

கோட்டையில் 'இல்லை' என்று சொன்னதை அவரே ஆரம்பித்தார். கேட்டார்கள், சொன்னார். நாட்டாமை கேட்டார், கிழவர்கள் கேட்டார்கள், பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் கேட்டார்கள். அனுமதிக் காகிதத்தை ஏன் துரத்தவில்லை என்று செல்லியம்மாள் கேட்டபோது அவர் தலையைச் சொறிந்தார்.

"புளி ஏலம் எடுக்கறவரு வேணாம்னாரு. ரோடு வந்தா நீங்களே புளியைச் சந்தைக்குக் கொண்டுபோயிடுவீங்களாம். அவரு ஜீப்புலதான் நான் ஓட்டுக் கேட்டேன். அதனால கொஞ்சம் ஆறப்போட்டேன். இதையும் சொல்லிடணும்னுதான் வந்தேன்."

"அவரு ஜீப்பு எங்கூரு வரைக்கும் வராது. எங்க ஓட்டு ஒங்க வூட்டு வாசல் வரைக்கும் வரும்" என்றார் நாட்டாமை. அவர் பேசிய பேச்சிலேயே அதுதான் நன்றாக இருந்தது என்று பிற்பாடு செல்லியம்மாள் சொல்வாள்.

அன்று துண்டுகள் எழ வெகுநேரமாயிற்று. கண்ணாயிரம் கலெக்டர் ஆபீசிலும் காட்டிலாகா ஆபீசிலும் போய் உட்கார வேண்டும். காகிதம் நகரும்வரை எழுந்து வரக் கூடாது. நாட்டிலிருந்து இரண்டு பேர் கூட உட்காருவார்கள். அப்படி முடிவானது. ஊராரின் துண்டெல்லாம் தோளேறிய பிறகு, கண்ணாயிரத்தின் துண்டு மட்டும் கிடந்தது. எடுக்கலாமா என்பதுபோல் அவர் செல்லியம்மாளைப் பார்த்தார்.

"ஒங்களுக்குச் சம்மதம்னா எடுங்க. எங்களைக் கேக்காதீங்க."

எடுத்துப் போட்டுக்கொண்டார்.

போய் உட்கார்ந்தார். ஒரு ஆபீசிலிருந்து இன்னொரு ஆபீசுக்கு அனுப்பினார்கள், அங்கேயும் உட்கார்ந்தார். கூடப்போன சின்னராசு, ஆபீஸ் பெஞ்சில் எம்.எல்.ஏ. உட்கார்ந்தபடியே தூங்கி வழிந்ததைச் செய்துகாட்டி மலையையே சிரிக்கவைத்தான். ஏலக்காரர் அடுத்த தேர்தலுக்கு ஜீப் தரமாட்டேன் என்று சொல்லியனுப்பியதாகவும் கேள்வி. அனுமதி வந்தது. பின்னாலேயே ரோட்டுக்கு உத்தரவும் வந்தது.

அடிவாரத்தில் முதல் மண் வெட்டுவதற்கு நாள் குறித்தார்கள். மலைக்காரர்களே கூலிக்கு வேலை செய்வது என்று ஏற்பாடு. மண் சுமக்கக் கூடை வேண்டும். செல்லியம்மாள் வாசலில் மறுபடியும் மூங்கில் குவிந்தது. டோலிக்குப் பிளந்ததைவிட மெல்லிசாகப் பிளந்தாள். அடியில் நெருக்கிப் பின்னினாள், பொடிமண்கூட ஒழுகக் கூடாதென்று. விளிம்பைத் தடித்து மடக்கி நார் சுற்றினாள். தலையில் சுமக்கிற பெண்ணுக்கு அது வெட்டக் கூடாது. கட்டி முடித்த ஒவ்வொன்றிலும் கல்லைப் போட்டுத் தூக்கிப் பார்த்தாள். கிழவி அம்மாக்கண்ணு பக்கத்தில் உட்கார்ந்து, "செல்லி கட்டினதா இதெல்லாம்?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தானே கேட்டுத் தானே ஆமாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த நாளில் அடிவாரத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். சிங்காரம் திருப்பத்தூரிலிருந்து ஒரு எவர்சில்வர் சட்டி வாங்கி வந்து ரிப்பன் கட்டி வைத்திருந்தார். முதல் மண்ணை எம்.எல்.ஏ. அதில்தான் அள்ளிப் போட வேண்டுமாம். கண்ணாயிரம் அதைப் பார்த்தார், மலையிலிருந்து கூடைகளை அடுக்கிச் சுமந்து இறங்கி வரும் வரிசையையும் பார்த்தார். வரிசையின் முன்னால் செல்லியம்மாள்.

"இன்னாம்மா, அடுத்த தடவ ஓட்டு எனக்குத்தானே?" என்றார் உரக்க.

"அதை எதுக்குங்க ஒங்களுக்குச் சொல்லணும்? ராத்திரி முழிச்சிருங்க."

பந்தலே சிரித்தது. நாட்டாமை எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

கண்ணாயிரம் சிரித்துக்கொண்டே மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வெட்டிப்போட்ட மண்ணுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். செல்லியம்மாள் தலையிலிருந்த அடுக்கை இறக்கினாள். மேலே இருந்த கூடையை எடுத்தாள். விளிம்பை ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தாள். ஓரிடத்தில் ஒரு சிலாம்பு மயிரளவு நீட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் கிள்ளி எறிந்தாள். பிறகு கூடையை இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.